நம் குழந்தைக்கு இது பொருந்துமா?



மருத்துவமனையில் ஒரு தாளை நீட்டி, "உங்க குழந்தையை ஓர் ஆய்வில் சேர்க்க விரும்புறோம், படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க" என்று மருத்துவர் சொன்னால், எந்தப் பெற்றோருக்கும் அடிவயிறு கலங்கத்தான் செய்யும். "எம்புள்ளைய வெச்சா சோதனை பண்ணிப் பாக்கணும்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத உயிருக்காக அவர்கள் பேசுகிறார்கள்.

இன்னொரு கவலையும் நமக்கு இருக்க வேண்டும். வேறு ஏதோ ஒரு நாட்டில் பலன் தந்தது என்பதற்காக, இங்கே சோதித்துப் பார்க்காமலே ஒரு சிகிச்சையை நம் குழந்தைக்குச் செய்துவிட்டால் என்ன ஆகும்? குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சையிலும் சிறப்பு மருத்துவத்திலும் நம் மண்ணிலேயே, நம் குழந்தைகளோடு, நேர்மையான ஆய்வு நடக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது அதுதான். இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். செங்கல்பட்டிலேயே இருக்கிறது.

செங்கல்பட்டு நகரை ஒட்டித் திருமணி என்ற ஊர். லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்த இடம் அது. 1947-இல் ராபர்ட் காக்ரேன் என்ற தொழுநோய் மருத்துவர், பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவரை அங்கே அழைத்து வந்தார். பிராண்ட் ஆங்கிலேயர். ஆனால் 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். அப்போது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். திருமணியில் அவர் கண்டதெல்லாம் மடங்கிப்போன விரல்கள். இந்தக் கைகளை ஏன் இப்படி விட்டுவிட்டார்கள் என்று கேட்டார். எலும்பு அறுவை மருத்துவர் எவரும் இதை எடுத்துப் படிக்கவில்லை என்று பதில் வந்தது.

அங்கிருந்த ஒருவரிடம் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். பிடி இரும்பாக இருந்தது. விரல் மடங்கிய கைக்கு இவ்வளவு வலு எப்படி? அப்படியென்றால் எல்லாத் தசைகளும் செத்துவிடவில்லை. பிறகு ஒவ்வொரு நோயாளியின் ஒவ்வொரு தசையையும் பொறுமையாகச் சோதித்துக் குறித்துவைத்தார்கள். தொழுநோய் கண்டபடி தாக்குவதில்லை, ஒரு முறைப்படிதான் நரம்புகளைப் பிடிக்கிறது, முன்கையின் நல்ல தசைகள் பல தப்பிவிடுகின்றன என்று தெரியவந்தது. நல்ல தசை ஒன்றின் நாணை எடுத்து, செயலிழந்த விரலை இயக்கும்படி மாற்றிப் பொருத்தும் அறுவை 1948-இல் வேலூரில் தொடங்கியது. முதலில் கேள்வி, அடுத்து கணக்கு, அதற்குப் பிறகே கத்தி. நாண் மாற்றும் இந்த அறுவை, போலியோவாலும் நரம்புக் காயத்தாலும் முடங்கிய எத்தனையோ பிள்ளைகளின் கை கால்களுக்கும் உதவியிருக்கிறது. 1955-இல் திருமணி மருத்துவமனையையும் சைதாப்பேட்டையில் இருந்த வெள்ளிவிழா குழந்தைகள் கிளினிக்கையும் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. அப்படி உருவானதுதான் இன்றைய மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம்.

அடுத்த சான்று அறுவை சிகிச்சை பற்றியதல்ல. ஆனாலும் அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியைத்தான் சொல்கிறேன். பிரிட்டனில் 1950-இல் தொடங்கிப் பள்ளி முடிக்கும் வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் அது ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பாதுகாப்புத் தந்தது. அதே பலன் இங்கும் கிடைக்குமா என்று அறிய, 1968 முதல் 1971 வரை அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமானோரைப் பதிவு செய்து, மாபெரும் ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். இன்றைய திருவள்ளூரும் அந்த மாவட்டத்தில் சேர்ந்திருந்த காலம். ஒரு பகுதியினருக்குத் தடுப்பூசி, மற்றொரு பகுதியினருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்பது தெரியாதபடி போட்டார்கள்.

ஏழரை ஆண்டுக் கணக்கு வந்தபோது உலகமே திகைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்தத் தடுப்பூசி இங்கே தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தும் அந்த முடிவு மாறவில்லை. நம் மண்ணிலும் நீரிலும் வாழும் வேறு நுண்ணுயிர்களோடு இங்குள்ளோருக்கு முன்பே பழக்கம் இருப்பது இதற்கு ஒரு காரணமாகலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். இதைக் கேட்டுவிட்டு யாரும் பி.சி.ஜி. வேண்டாம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வகைகளிலிருந்து அது காக்கிறது. அதனால்தான் பிறந்ததும் போடுகிறார்கள். பிரிட்டனின் விடை செங்கல்பட்டின் விடையாகவில்லை என்பதே இதில் நமக்குப் பாடம்.

அது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். பிரசவத்தின்போது மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளை, மேலை நாடுகளில் 72 மணி நேரம் உடல் வெப்பத்தைக் குறைத்துக் குளிர்நிலையில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அங்கே அதனால் பலன் உண்டு என்பது நிரூபணமானது. இந்தியாவிலும் பல மருத்துவமனைகள் அதைச் செய்யத் தொடங்கின. 2015 முதல் 2019 வரை இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளின் ஏழு மையங்களில் 408 குழந்தைகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். ஹீலிக்ஸ் என்பது அந்த ஆய்வின் பெயர். சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனையும் அதில் பங்கேற்றது. 2021-இல் முடிவு வந்தது. குளிர்வித்த குழந்தைகளில் நூற்றுக்கு 42 பேர் இறந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் நூற்றுக்கு 31 பேர். இங்கே அந்தச் சிகிச்சை நன்மை செய்யவில்லை, உயிரிழப்பைக் கூட்டியது. ஆய்வு நடந்திராவிட்டால், நல்லது செய்வதாக நம்பிக்கொண்டே நாம் அதைத் தொடர்ந்திருப்போம்.

இனி அறுவை சிகிச்சைக்கு வருகிறேன். சில குழந்தைகள் உணவுக்குழாய் அடைபட்டுப் பிறக்கின்றன. சிலவற்றுக்குக் குடல் வயிற்றுக்கு வெளியே இருக்கிறது. சிலவற்றுக்கு மலவாயே இருப்பதில்லை. இத்தகைய ஏழு வகைப் பிறவிக் குறைகளைப் பற்றி 74 நாடுகளின் 264 மருத்துவமனைகள் சேர்ந்து, 3,849 குழந்தைகளின் விவரத்தைத் திரட்டி 2021-இல் வெளியிட்டன. வசதி மிகுந்த நாடுகளில் இந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவாகவே இறந்தார்கள். நம்மைப் போன்ற நடுத்தர வருமான நாடுகளில் இருபது பேர். மிக ஏழை நாடுகளில் நாற்பது பேர். குறை ஒன்றுதான், பிறந்த இடம்தான் வேறு.

எதனால் இந்த வேறுபாடு என்றும் அந்த ஆய்வு தேடியது. குழந்தை வந்து சேரும்போதே கிருமித்தொற்று இரத்தத்தில் பரவியிருப்பது, தேவையான நேரத்தில் வென்டிலேட்டர் கிடைக்காதது, இரத்தக்குழாய் வழியாக ஊட்டம் செலுத்த வசதி இல்லாதது, அறுவைக்கு முன் சரிபார்ப்புப் பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்து உறுதி செய்யாதது ஆகியவை உயிரிழப்போடு சேர்ந்தே வந்தன. அறுவை மருத்துவரின் கைத்திறன் மட்டும் போதாது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள மணி நேரங்களே பல குழந்தைகளின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

இதை நம் கடற்கரையில் வைத்துப் பாருங்கள். கொக்கிலமேட்டிலோ தேவனேரியிலோ ஒரு குழந்தை பிறக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். சென்னைக்குப் போவதானால் அதைப்போல இரண்டு மடங்கு. தூரம் பெரிதல்ல. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று காத்திருப்பதுதான் பெரிது. பிறந்து 24 மணி நேரத்துக்குள் கரும்பச்சை நிற முதல் மலம் கழியவில்லையா? பச்சையாக வாந்தி எடுக்கிறதா? வாயில் நுரை நிற்காமல் வழிந்து, பால் கொடுத்ததும் புரையேறி நீலம் பாய்கிறதா? வயிறு உப்பிக்கொண்டே போகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வசம்பு உரைக்கவோ மருந்துச் சாறு புகட்டவோ நேரத்தைச் செலவிடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். பச்சிளம் குழந்தைகளை வெதுவெதுப்பாக வைத்து எடுத்துச் செல்லும் ஊர்திகள் அந்தச் சேவையில் உண்டு. பச்சை வாந்தி குடல் முறுக்கிக்கொண்டதன் அடையாளமாக இருக்கலாம். குடலுக்கு இரத்த ஓட்டம் நின்றுவிட்டால் சில மணி நேரம்தான் அவகாசம்.

"மயக்க மருந்து கொடுத்தா பிள்ளையோட மூளை மந்தமாயிடுமா?" குடலிறக்க அறுவைக்குக் குழந்தையைக் கொண்டுவரும் பெற்றோர் பலர் கேட்பது இது. இதற்கும் ஆய்வுதான் பதில் தந்தது. ஏழு நாடுகளில் 722 கைக்குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முழு மயக்கமும் மறு பிரிவுக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும் ஊசியும் கொடுத்தார்கள். ஐந்து வயதில் அறிவுத்திறனை அளந்தபோது இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஒரே ஒரு மயக்கத்தைப் பற்றி அது நம்பகமான ஆறுதல் தந்தது. கேட்டது பெற்றோரின் கவலை. பதில் வந்தது வேறு பெற்றோர் தம் பிள்ளைகளைச் சேர்க்கச் சம்மதித்ததால்.

ஐந்து ஆண்டுகள் கழித்தும் அந்தக் குடும்பங்களில் பல திரும்ப வந்ததையும் கவனியுங்கள். குழந்தை அறுவையின் பலன் தையல் பிரிக்கும் நாளில் தெரிந்துவிடுவதில்லை. நட்ட தென்னையை விடாமல் பார்த்து வருவதுபோல அது பல ஆண்டுக் காரியம். மலவாய் இல்லாமல் பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் வயிற்றில் தற்காலிக வழி, பிறகு மலவாய் அமைக்கும் அறுவை, அதன்பின் வயிற்று வழியை மூடுவது என்று படிப்படியாகச் செய்கிறார்கள். அதன்பிறகும் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் கூச்சமில்லாமல் உட்கார்ந்து படிக்கிறதா என்பதே உண்மையான வெற்றி. வளைபாதத்தோடு பிறந்த குழந்தைக்கு வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிக் காலை நேராக்குகிறார்கள். ஆனால் நான்கு வயதுவரை இரவில் போட வேண்டிய பிரேஸ் என்ற தாங்கு கருவியைப் பாதியில் நிறுத்தினால் பாதம் மறுபடியும் வளைகிறது. வேலை தேடி ஊர் மாறுகிற குடும்பத்துக்கும், கூலியை விட்டுவிட்டு வர வேண்டிய தாய்க்கும் மறுபரிசோதனை நாள் பெரும் சுமை என்பதை நான் அறிவேன். அந்தச் சுமையைக் குறைப்பது மருத்துவமனையின் கடமை. அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் தேடி வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் தேசிய சிறார் நலத் திட்டக் குழுக்கள் 2013-இல் தொடங்கிய ஏற்பாடு. விட்டுப்போன பிள்ளைகளைத் திரும்ப அழைத்து வர அந்தக் குழுக்களை முழுமையாகப் பயன்படுத்தலாம்.

சரி, கையெழுத்துக் கேட்கும் அந்தத் தாளுக்கு என்ன செய்வது? உங்கள் உரிமைகளைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வின் விவரம் உங்களுக்குப் புரியும் மொழியில் எழுத்தில் இருக்க வேண்டும். நெறிமுறைக் குழு அதை ஏற்றிருக்க வேண்டும். அந்தக் குழுவில் மருத்துவர் அல்லாதவரும் சட்டம் அறிந்தவரும் இருப்பார்கள். சிகிச்சைச் சோதனை என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அது பதிவாகியிருக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னாலும், பாதியில் விலகினாலும், வழக்கமான சிகிச்சை ஒரு குறையுமின்றி உங்கள் குழந்தைக்குக் கிடைக்க வேண்டும். புதிய மருந்துச் சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் 2019-இன் விதிகளில் இடம் உண்டு. ஏழு வயதைத் தாண்டிய பிள்ளை என்றால், பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது, அந்தப் பிள்ளையின் இசைவையும் கேட்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வகுத்த நெறிகள் சொல்கின்றன.

ஆகவே தயங்காமல் கேளுங்கள். "இந்த ஆய்வு எதைத் தெரிஞ்சுக்கறதுக்கு? சேரலைன்னா என்ன சிகிச்சை கிடைக்கும்? என்ன ஆபத்து வரலாம்? எத்தனை தடவை வரணும், வண்டிச் செலவு யாரோடது?" பதில் திருப்தியாக இருந்தால் துணிந்து சேருங்கள். இல்லையென்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். இரண்டுமே உங்கள் உரிமை.

மருத்துவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வு முடிந்ததும் அதன் முடிவு ஆங்கில மருத்துவ இதழோடு நின்றுவிட வேண்டாம். செங்கல்பட்டுக் கிராமத்தவரின் கைகளில் போட்ட ஊசி உலகத்துக்கே பாடம் ஆனது. அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இந்த வரலாறு தெரியும்? கலந்துகொண்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும், "உங்கள் குழந்தையால் இன்னது தெரிந்தது, இனி வரும் குழந்தைகளுக்குச் சிகிச்சையை இப்படி மாற்றியிருக்கிறோம்" என்று தமிழில் ஒரு கடிதம் எழுதுங்கள். ஆய்வு பலன் தராமல் போயிருந்தாலும் அதையும் எழுதுங்கள். அந்தக் கடிதம் அவர்களுக்கு நீங்கள் செலுத்த வேண்டிய கடன். அதைச் செலுத்தினால்தான் அடுத்த தலைமுறைப் பெற்றோர் உங்களை நம்பித் தம் பிள்ளையை ஒப்படைப்பார்கள்.