தட்டுமுட்டுச் சாமான்களை எங்கே போடுவது?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியும் போனஸும் பேசுகிற மேடையில் கிழிந்த மெத்தையையும் ஓடாத டெலிவிஷனையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இதற்கெல்லாமா ஒரு கூட்டம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலை வாய்க்காலிலிருந்தே தொடங்குவோம்.

கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று மண்வெட்டியோடு போனோம். மதகடியில் என்ன கிடந்தது? ஒரு ஸ்பாஞ்சு மெத்தை! தண்ணீரைக் குடித்து ஊறிப்போய், நாலு பேர் இழுத்தும் அசையவில்லை. யாரோ இருட்டில் தள்ளிவிட்டுப் போனார். அவருக்குத் தொல்லை தீர்ந்தது. நமக்கு முறைத் தண்ணீர் போயிற்று. தண்ணீர் தவறினால் நடவு தள்ளும். நடவு தள்ளினால் கூலி தள்ளும்.

தள்ளியவர் பெரிய பண்ணையார் என்று எண்ணிவிட வேண்டாம். நம்மைப் போன்றவர்தான். ஒற்றை அறை லயன் வீடு. பழையதை வைக்க இடமில்லை. குப்பை வண்டியும் ஏற்றிக்கொள்ளவில்லை. அவர் செய்தது தவறுதான். ஆனால் முழுப் பழியையும் அவர் தலையில் போட்டுவிட்டு நகரசபை தப்பித்துக்கொள்ள நாம் விடக்கூடாது.

அடுத்து டெலிவிஷனுக்கு வருவோம். 2006 முதல் 2011 வரை தமிழ்நாடு அரசு ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான கலர் டெலிவிஷன்களை வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. அவை பின்பக்கம் புடைத்த, பிக்சர் டியூப் வைத்த பெட்டிகள். இன்று பல வீடுகளில் பரணில் தூங்குகின்றன; பல காயலான் கடைக்குப் போய்விட்டன. அங்கே நடப்பது என்ன? டியூபின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிக்காகக் கண்ணாடியைச் சுத்தியலால் அடிக்கிறார்கள். உள்ளே காற்று இல்லாத குழாய் அது. உடையும்போது சில்லு கண்ணில் தெறிக்கும். அதன் பின்பக்கக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. அந்தத் தூசி கையில் ஒட்டி, சட்டையில் ஒட்டி, வீட்டுக்கு வருகிறது. ஈயம் சிறு குழந்தையின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். சுத்தியல் பிடிக்கிறவர் யார்? அவரும் கூலிக்காரர்தான் தோழர்களே! நாம் நூறு ரூபாய்க்குப் பெட்டியை எடைக்குப் போடுகிறோம்; அவர் உடம்பை விலையாகக் கொடுக்கிறார்.

பிரிட்ஜும் அப்படியே. குழாயை அறுத்துவிட்டால் உள்ளிருக்கும் வாயு வெளியேறிவிடும். மிகப் பழைய பெட்டிகளின் வாயு, பூமிக்கு மேலே சூரியக் கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும். பிறகு வந்தவற்றில் ஒரு வகை, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கூட்டும். புதிய பெட்டிகள் பலவற்றில் இருப்பதோ தீப்பற்றும் வாயு. ஆகவே வீட்டில் அறுக்காதீர்கள். வெளியே வைத்தால் கதவைக் கழற்றிவிடுங்கள். விளையாடும் குழந்தை உள்ளே போய் மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டிப்போகும்.

போகியன்று ஸ்பாஞ்சு மெத்தையைக் கொளுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் புகையில் சயனைடு விஷம் இருக்கிறது. செம்புக்காக ஒயரை எரித்தாலும் நஞ்சுதான். இலவம்பஞ்சு மெத்தையானால் எரிக்கவே வேண்டாம். பஞ்சை அடித்து, புது உறை போட்டால் இன்னும் பல வருஷம் உழைக்கும். மரக்கட்டிலைத் தச்சர் பெஞ்சாக்கித் தருவார். இரும்பு பீரோ உருக்காலைக்குப் போய் மறுபடி இரும்பாகும். பழையது எல்லாமே குப்பை அல்ல. அதற்குள் உழைப்பு இருக்கிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. டெலிவிஷனும் பிரிட்ஜும் செய்து விற்கிற கம்பெனிகளுக்கே பழையதை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு உண்டு என்று 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகள் சொல்கின்றன. 2023-24 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 60 சதவீதம், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70, 2027-28 முதல் 80 என்று இலக்கும் வைத்திருக்கின்றன. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், குப்பை பொறுக்கும் தொழிலாளர்களை அங்கீகரித்துச் சேர்த்துக்கொள்ளும்படி உள்ளாட்சிகளுக்குச் சொல்லின. காகிதத்தில் எழுதியது நம் தெருவுக்கு வந்து சேர வேண்டுமானால் நாம்தான் இழுத்து வர வேண்டும்.

எனவே நாம் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது: பெரிய சாமான் எதையும் வாய்க்காலிலோ குளத்திலோ போடுவதில்லை, கொளுத்துவதில்லை என்று தெருவுக்குத் தெரு முடிவு செய்வோம். உழைக்கக் கூடியதைப் பழுது பார்ப்போம், தேவைப்படுகிறவருக்குக் கொடுப்போம்.

இரண்டாவது: தனியாக ஒருவர் கேட்டால் வண்டி வராது. பத்து வீட்டுச் சாமானைப் பட்டியல் போட்டு, சங்கத்தின் பெயரால் மனுக் கொடுப்போம். மாதம் ஒரு நாள் வண்டி அனுப்பு, மின்சாதனங்களை உடைக்காமல் பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்கு அனுப்பு என்று நகரசபையிடமும் பஞ்சாயத்திடமும் கேட்போம்.

மூன்றாவது: பழைய சாமான் பிரிக்கும் தொழிலாளிக்குக் கையுறை, கண்ணாடி, நியாயமான கூலி, மருத்துவ வசதி வேண்டும். இது அவர் கோரிக்கை மட்டுமல்ல, நம் கோரிக்கையும்கூட.

அன்று அந்த மெத்தையை நாலு பேரால் அசைக்க முடியவில்லை. எட்டுப் பேர் கை வைத்தோம், கரையேறிவிட்டது. தண்ணீரும் வந்தது. வேறென்ன சொல்ல வேண்டும், தோழர்களே?