நாற்பத்தோரு பேர், ஒரு நாள், ஆளுக்கு 150 ரூபாய்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் எளாவூரில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் கடன் இணைப்பு, திருப்பிச் செலுத்தும் விகிதம் என்று நல்ல கணக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள். என்னைப் போன தை மாதம் பழவேற்காடு போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "அதுல பேச என்னம்மா இருக்கு, போனோம் வந்தோம்" என்று ஒரு அக்கா கேட்டார். இருக்கிறது. அதிலும் கணக்கு இருக்கிறது, முதலில் அதையே சொல்லிவிடுகிறேன்.

போனது 41 பேர். ஆளுக்கு 250 வீதம் வசூல் 10,250 ரூபாய். எளாவூரில் ரயில் ஏறி கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை தாண்டிப் பொன்னேரியில் இறங்கினோம். போக வர ரயில் செலவு ஆளுக்கு 20. பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு டவுன் பஸ், 2021 மே மாதத்திலிருந்து சாதா பஸ்ஸில் நமக்கு டிக்கெட் கிடையாது, அது உங்களுக்கே தெரியும். ஒரே வண்டியில் எல்லோரும் ஏற முடியாமல் இரண்டு வண்டியாகப் பிரிந்து போனோம். சாப்பாடு நம்ம சமையல் குழுவே கட்டிக் கொடுத்தது, புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு முட்டை, ஆளுக்கு 60. அங்கே சுற்ற ஷேர் ஆட்டோ 40. டீ, பஜ்ஜி இரண்டு வேளைக்கும் சேர்த்து 30. மொத்தம் 150. மீதி நூறை மறு வாரக் கூட்டத்தில் கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுத்தோம். குழுவின் சேமிப்பிலிருந்து ஒரு பைசா எடுக்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "குழு காசுல ஊர் சுத்துறாங்க" என்று ஒரு பேச்சு கிளம்பியது. நோட்டு மேசையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

இப்போது ஊரைப் பற்றிச் சொல்கிறேன். நமக்குப் பக்கத்து ஊர்தான். சுண்ணாம்புகுளம் பக்கம் போனாலே இந்த ஏரி கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் 41 பேரில் முக்கால்வாசிப் பேர் பழவேற்காட்டை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார்கள். கம்பெனி ஷிப்ட், வீடு, பால், ரேஷன், மாமியார் மாத்திரை, இதற்குள் ஏரி எங்கே பார்க்கிறது.

உப்பும் நன்னீரும் கலந்து கிடக்கிற ஏரி அது. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பேரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தென்கோடிதான் நம்முடையது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் நீளமாகப் படுத்திருக்கிறதே, அதுதான் ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் கிளம்பும்போது நம் வீட்டு மாடியிலிருந்து பார்ப்போமே, அந்தத் தீவுதான். தை மாதம் பூநாரை வந்திருக்கும் காலம். தூரத்தில் வெள்ளைத் துணி உலர்த்தியது மாதிரி வரிசையாக நின்றன. கிட்டப் போக முடியாது, போகவும் கூடாது. நம்ம ஊர் பிள்ளை ஒருத்தி போனில் பெரிதாக்கிக் காட்டினாள். காலெல்லாம் ரோஸ் கலர்.

முதலில் போனது டச்சுக்காரர் கல்லறைக்கு. வாசலிலேயே இரண்டு எலும்புக்கூடு சிலை செதுக்கி நிற்க வைத்திருக்கிறார்கள். சிலர் உள்ளே வரவே மாட்டேன் என்று வெளியே நின்றுகொண்டார்கள், அவர்களை வற்புறுத்தவில்லை. கல்வெட்டெல்லாம் டச்சு மொழியில், பூவேலை செய்து, நேற்று வெட்டியது போல இருக்கிறது. தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கிறது.

இந்த டச்சுக்காரர்கள் யார், ஏன் இங்கே வந்து செத்தார்கள்? துணிக்காக வந்தவர்கள். விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி வாங்கிக் கடை போட்டார்கள். 1613-இல் கெல்டிரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரைக்கும் இந்தக் கரை முழுவதற்கும் அவர்களுடைய தலைமையிடம் நம்ம பழவேற்காடுதான். மெட்ராஸ் என்று ஒரு பட்டணம் உருவாகும் முன்பே இங்கே கப்பல் நின்றது என்று நினைத்துப் பாருங்கள். 1825-இல் இங்கிலீஷ்காரன் கைக்குப் போனது. இப்போது கோட்டை இருந்த இடத்தில் மேடும் அகழியும் முள் புதரும்தான். ஆடு மேய்கிறது.

நம்ம பக்கத்து நெசவாளர்கள் நெய்த கட்டம் போட்ட துணி இந்தத் துறையிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஜாவாவுக்கும் போனது. மலேசியாவில் இன்றைக்கும் ஆம்பிளைங்க கட்டுகிற கட்டம் போட்ட கைலிக்குப் பெயர் 'காயின் பெலிகாட்'. அந்தப் பெலிகாட் வேறு எதுவும் இல்லை, வெள்ளைக்காரன் வாயில் நுழைந்த பழவேற்காடுதான். ஊர் சின்னதாகிப் போய்விட்டது, பேர் மட்டும் இன்னொரு நாட்டுக்காரன் இடுப்பில் இருக்கிறது.

துணி மட்டும் போகவில்லை. இதைச் சொல்லாமல் போனால் பாதிதான் சொன்னது ஆகும். அந்தக் காலத்தில் பஞ்சம் வந்த வருஷங்களில், கடன் கட்ட முடியாதவர்கள் தங்களையே விற்றார்கள், பெற்ற பிள்ளைகளை விற்றார்கள். அவர்களை வாங்கி, இதே துறையிலிருந்து கப்பலில் ஏற்றி, பட்டாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு அனுப்பினார்கள் டச்சுக்காரர்கள். அங்கே அடிமை வேலைக்கு. செதுக்கிய கல்லறை விற்றவனுக்குக் கிடையாது, விற்கப்பட்டவளுக்கும் கிடையாது, வாங்கினவனுக்குத்தான் இருக்கிறது. இதைக் கேட்டதும் நம்ம பொருளாளர் அக்கா கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கடன்னா அப்பவும் பொம்பளை, புள்ளை தலையிலதான் விடிஞ்சிருக்கு" என்றார். வார வட்டிக்காரன் வாசலில் வந்து உட்கார்ந்த வீடு எத்தனை என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது பனை ஓலை. என்னைக் கேட்டால் அன்றைய நாளில் பெரிய லாபம் இதுதான். பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பனங்குருத்தில் டப்பா, கூடை, தட்டு பின்னுகிறார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தோம். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்துக்குக் கிழித்து, சாயத்தில் கொதிக்கவைத்து எடுக்கிறார்கள். பச்சை, ரோஸ், ஊதா. பிறகு பின்னல். கை ஓடுகிற வேகத்தில் எனக்குத் தலை சுற்றியது. அந்த அம்மா பின்னிக்கொண்டே பேசுகிறார், பேத்தியை அதட்டுகிறார், ஓலை தப்பவில்லை. கல்யாணச் சீர் வைக்கிற பெரிய டப்பா மூடி திறந்தால் உள்ளே இன்னொரு டப்பா, அதற்குள் இன்னொன்று.

அவர்களும் குழுவில் இருக்கிறவர்கள். நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? வட்டி எவ்வளவு, எந்த பாங்க்கு, ஊக்குநர் யார், கூட்டம் என்றைக்கு என்று ஆரம்பித்துவிட்டார்கள். அந்த அம்மா சொன்னது ஒன்றுதான்: "சரக்கு செய்யறது கஷ்டம் இல்லம்மா, நேரா வாங்குற ஆள் கிடைக்கிறதுதான் கஷ்டம். நடுவுல ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போறாரு, பட்டணத்துக் கடையில வெல ரெண்டு மடங்கு." அங்கேயே உட்கார்ந்து பேசி, இந்த ஆண்டு விழாவுக்குத் தாம்பூலப் பை வாங்க ஒதுக்கியிருந்த பணத்தில் ஓலை டப்பா சொல்லிவிட்டோம். உங்கள் மடியில் இருக்கிறதே, வெற்றிலை பாக்கு வைத்த டப்பா, அது அந்தத் திண்ணையில் பின்னியது. பிளாஸ்டிக் பையை விடக் கூட ஆனது உண்மை. வீட்டுக்குப் போய்த் தூக்கி எறியாதீர்கள், தண்ணீர் படாமல் வைத்தால் வருஷக்கணக்கில் வரும்.

இந்த இடத்தில் வேறு ஒரு தீவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். தாய்லாந்தில் பாங்காக்குக்கு வடக்கே, சாவ் பிரயா என்ற ஆற்றின் நடுவில் கோ கிரெட் என்று ஒரு சின்னத் தீவு. ஆறு வளைந்து போன இடத்தில் 1722-இல் குறுக்கே கால்வாய் வெட்டினார்கள், அந்த வளைவு தீவாகிவிட்டது. பர்மாவின் பெகு நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த மோன் என்ற இனத்தார் அங்கே குடியிருக்கிறார்கள். அந்தப் பெகுவுக்குத்தான் ஒரு காலத்தில் நம்ம பழவேற்காட்டுத் துணி கப்பல் கப்பலாகப் போனது. கோ கிரெட்டில் செம்மண் பானை செய்கிறார்கள், அதில் பூவேலை வெட்டுகிறார்கள். கார் கிடையாது, நடந்தோ சைக்கிளிலோ சுற்ற வேண்டும். சனி ஞாயிறு ஆனால் பட்டணத்து ஜனங்கள் படகில் சாரிசாரியாக வருகிறார்கள். பானை செய்கிற வீட்டு வாசலிலேயே பானை விற்கிறது, பலகாரம் விற்கிறது. நடுவில் ஆள் இல்லை. பழவேற்காட்டில் கல்லறை இருக்கிறது, 1515-ஐச் சேர்ந்த மகிமை மாதா கோயில் இருக்கிறது, ராமாயணம் செதுக்கிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிறது, பள்ளிவாசலில் நிழலைப் பார்த்து மணி சொல்கிற கடிகாரம் இருக்கிறது, பறவை இருக்கிறது, ஓலை இருக்கிறது. ஆனால் வந்த ஜனம் இறால் வாங்கிக்கொண்டு, கடற்கரையில் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. பெண்களுக்கு ஒரு நல்ல கழிப்பறை தேடி நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. அதையும் மனுவாக எழுதி அனுப்பியிருக்கிறோம்.

பாடு என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த ஏரியில் மீனவர்களுக்குள் 'பாடு' என்றே ஒரு முறை உண்டு. இன்ன இடத்தில் இன்னார் இன்றைக்கு வலை போடலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பது. நல்ல இடம் ஒருத்தருக்கே போய்விடாது. நம்ம குழுவில் முதல் கடன் யாருக்கு என்று குலுக்கிப் போட்டோமே, அதே புத்திதான். ஆனால் அந்தப் பாட்டில் பெண் பெயர் கிடையாது, இருளர் பெயரும் கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்களைப் பார்த்தோம். வலை இல்லை, படகு இல்லை, கை மட்டும்தான். அவர்களிடம்தான் நாங்கள் இறால் வாங்கினோம், பேரம் பேசாமல். ஒருத்தர் மட்டும் பேசினார், யார் என்று சொல்ல மாட்டேன்.

கடைசியாகப் படகு விஷயம். இதில் சிலருக்கு என் மேல் இன்னும் வருத்தம் இருக்கிறது, அதனால் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

கரையில் போய் நின்றதும் "வாங்கம்மா, முகத்துவாரம் வரைக்கும் போய்ட்டு வரலாம், ஆளுக்கு இவ்வளவுதான்" என்று கூப்பிட்டார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பாதிப் பேர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். நான் வேண்டாம் என்றேன். "இவ்ளோ தூரம் வந்து படகு ஏறாம போறதா", "அப்புறம் எதுக்கு ஏரிக்குக் கூட்டிட்டு வந்தே" என்று சத்தம். ஒரு தங்கச்சி அழுதேவிட்டாள், அவள் தப்பில்லை, அவள் ஆசை அது.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் அன்று இதே ஏரியில் உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள். குழந்தைகளும் பெண்களும். அளவுக்கு மேல் ஆள், உயிர்காப்பு உடை இல்லை. அதற்குப் பிறகு சுற்றிப் பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றக் கூடாது என்று தடை போட்டார்கள். தடை காகிதத்தில் இருக்கிறது, கூப்பிடுகிற குரல் கரையில் இருக்கிறது. படகுக்காரரையும் நான் திட்டவில்லை, அவருக்கும் அன்றைக்கு அடுப்பெரிய வேண்டும். ஆனால் உடை எங்கே என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. நாற்பத்தோரு பேரில் நீச்சல் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். இரண்டு கை தூக்கியது. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

தண்ணீருக்கு அந்தப் பக்கம் போக இப்போது பாலம் இருக்கிறது. ஆட்டோவில் பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் போனோம். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் மணல். சாப்பாட்டைப் பிரித்து உட்கார்ந்தோம். கணுக்கால் வரைக்கும்தான் அலை என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். அறுபத்தெட்டு வயதில் ஒரு பாட்டி, இருபது மைலுக்குள் கடலை வைத்துக்கொண்டு இதுவரை காலை நனைத்ததே இல்லையாம். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள நின்றார். அலை வந்து போனதும் காலுக்கடியில் மண் நழுவியது. "ஏய், யாரோ இழுக்கறாங்கடி" என்று கத்தினார். அழுத தங்கச்சிதான் முதலில் சிரித்தாள்.

ஏழரை மணிக்கெல்லாம் எளாவூர் வந்து இறங்கிவிட்டோம். எண்ணிப் பார்த்து, 41 என்று சொல்லி, பிறகுதான் கலைந்தோம்.

அடுத்த நடைக்கு வாரம் பத்து ரூபாய் தனி உண்டியலில் போட வேண்டும், கடன் நோட்டோடு கலக்கக் கூடாது. மாதத் தவணை நிலுவை இருக்கிறவர்களும் வரலாம், அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம் என்று செயற்குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். வெயில் ஆரம்பிக்கும் முன், மாசிக்குள் போய் வந்துவிட வேண்டும். பெயர் எழுதுகிற நோட்டு வாசல் பக்கம் மேசையில் இருக்கிறது. போன தடவை வராதவர்களுக்குத்தான் முதல் இடம். மாமியாரையும் கூட்டிவரலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வரலாம், அவர்களுக்கும் அதே 150 ரூபாய்தான்.