இளைஞர் அணிக்குப் போகிற தம்பி
(புதுக்கோட்டையில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம சேரிப் பசங்களில் சிலர் பா.ஜ.க. இளைஞர் அணிக்குப் போகிறார்கள். 'விலைபோயிட்டானுங்க' என்று காறித் துப்பிவிட்டு எழுந்து போவது சுலபம். அது அரசியல் அல்ல. ஏன் போகிறான், போன இடத்தில் என்ன கிடைக்கிறது என்று கேட்பதுதான் அரசியல்.

ஏன் போகிறான்? 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இரண்டு வருசம் கழித்து, 2025 ஜனவரியில், அந்த ஊர் தலித் இளைஞர்கள் 3 பேர் மீதே சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஊர் ஜனம் அதை ஏற்கவில்லை. சமூகநீதி பேசிய ஆட்சியில்தான் இவ்வளவும் நடந்தது. பெரிய கட்சிகளின் கூட்டத்தில் நம்ம பையனுக்கு நாற்காலி தூக்கிப் போடுகிற வேலை. இவர்களோ பொறுப்பு தருகிறார்கள், போஸ்டரில் பேர் போடுகிறார்கள். 'டேய்' என்றே கூப்பிடப்பட்டவனுக்கு அது சின்ன விஷயமில்லை.

சரி, அந்த ஏணி யாரை ஏற்றியது? கல்ராஜ் மிஸ்ரா, பிரமோத் மகாஜன், ராஜ்நாத் சிங், ஜே.பி. நட்டா, அனுராக் தாக்கூர், 2020இல் வந்த தேஜஸ்வி சூர்யா: எல்லோரும் அந்த அணியின் அகில இந்தியத் தலைவர்களாக இருந்தவர்கள். ராஜ்நாத்தும் நட்டாவும் பிறகு கட்சிக்கே தலைவரானார்கள். இந்தப் பேர்களில் தலித் யார்? பங்காரு லட்சுமணன் 2000இல் கட்சித் தலைவரானார், எல். முருகன் 2020இல் மாநிலத் தலைவர், 2021இல் ஒன்றிய இணை அமைச்சர். உண்மைதான், மறைக்க வேண்டாம். ஆனால் நாற்காலி வேறு, கொள்கை வேறு.

நான் வங்கி குமாஸ்தா. கொள்கையைக் கணக்காகவே சொல்கிறேன். 2019 ஜனவரியில் 103ஆவது சட்டத்திருத்தம் வந்தது. பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 சதவீதம். வருசம் 8 லட்சத்துக்குள் வருமானம் இருந்தால் 'நலிந்தவர்'. தலித் ஏழைக்கு அதில் இடமில்லை. அதே வருசம் ஸ்டேட் வங்கி எழுத்தர் முதல்நிலைத் தேர்வில் தமிழ்நாட்டுக்குக் கட்-ஆஃப் என்ன தெரியுமா? எஸ்.சி.க்கு 61.25. அந்த 'நலிந்தவர்களுக்கு' 28.5. தகுதி, திறமை என்று நம்மைப் பார்த்து வாய் கிழியப் பேசினவர்கள் அன்றைக்கு எங்கே போனார்கள்?

போகிற தம்பியோடு சண்டை வேண்டாம். டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: 'அந்த 61.25க்காக உன் அணி ஒரு ஊர்வலம் போகுமாப்பா? 2020இல் வேல் யாத்திரை போன கட்சி, ஊர்த் தேரின் வடத்தை நீயும் பிடிக்கலாம் என்று உங்க ஊரில் வந்து சொல்லுமா?'

அவன் திருப்பிக் கேட்பான்: 'உங்ககிட்ட எனக்கு என்னண்ணே இருக்கு?' நியாயமான கேள்வி. மாலையில் தேர்வுக்குப் படிக்க ஒரு அறை, வன்கொடுமை வழக்கை எடுத்து நடத்த ஒரு வக்கீல், அம்பேத்கரைச் சேர்ந்து வாசிக்க ஒரு வட்டம். இந்த மூன்றும் நம் ஊர்களில் இல்லாதவரை நம்ம பேச்சு அவன் காதில் ஏறாது. எந்த ஊரில், யார் தொடங்குவது? இதை முடிவுசெய்துவிட்டுக் கலைவோம்.