விமானம் ஏறும் முன் வாங்க வேண்டிய ஒரு சான்றிதழ்

(திருவண்ணாமலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

கிரிவலம் வர்ற ஊர்ல வந்து பி.எஃப். பற்றிப் பேசுறாங்களேன்னு நினைக்காதீங்க. பையன் ஜெர்மனியில, பொண்ணு ஜப்பான்லன்னு சொல்ற வீடுகள் நம்ம பக்கமும் இருக்கு. அவர்களுக்கான விஷயம் இது.

உங்களை வேலையில் வைத்திருக்கும் இந்திய நிறுவனம் இரண்டு வருஷத்துக்கு ஜெர்மனி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே பி.எஃப். பிடித்தம் 12 சதவீதம் தொடரும். அங்கேயோ ஓய்வூதியக் காப்பீட்டுக்கு மட்டும் சம்பளத்தில் 18.6 சதவீதம் கட்டணும். அதில் பாதி உங்கள் பங்கு. ஒரே சம்பளத்துக்கு இரண்டு நாட்டிலும் பிடித்தம்!

இதைத் தவிர்க்கத்தான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள். பெல்ஜியத்துடன் 2009-ல் முதல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. ஜப்பானுடன் 2016-ல். வருங்கால வைப்பு நிதி அலுவலகம் தரும் 'கவரேஜ் சர்டிஃபிகேட்' கையில் இருந்தால், அங்கே அந்தப் பிடித்தம் கிடையாது. ஜப்பானுக்கு ஐந்து ஆண்டு வரை செல்லும்.

விண்ணப்பம் ஆன்லைன்தான். ஆனால் நிறுவனத்தின் உறுதிமொழி இல்லாமல் நகராது. அதனால விசா பேப்பர் கேட்கும்போதே எச்.ஆர்.கிட்ட இதையும் கேளுங்க. கேட்கக் கூச்சமே வேண்டாம். நிறுவனத்துக்கும் இது மிச்சம்தான். மருத்துவக் காப்பீட்டுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் தனியா கேட்டு வைங்க.

சான்றிதழ் வாங்கியதோடு நிறுவனத்தின் கடமை முடியவில்லை. நீங்கள் அங்கே இருக்கும் காலம் முழுக்க, இங்கே மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். கெடு அடுத்த மாதம் 15-ம் தேதி. உமங் செயலியில் பாஸ்புக்கைப் பாருங்க. அங்கேயும் கட்டலை, இங்கேயும் கட்டலைன்னா நஷ்டம் உங்களுக்குத்தான்.

அமெரிக்காவுடன் இந்த ஒப்பந்தம் இல்லை. அங்கே பிடித்தம் உண்டு; பென்ஷன் கேட்கப் பொதுவாகப் பத்து வருஷ வேலை வேண்டும்.

வளைகுடா கதை வேறு. அங்குள்ள கம்பெனியே நேரடியாக வேலைக்கு எடுத்தால் நம்ம பி.எஃப். கிடையாது. பணிக்கொடையை ஒப்பந்தத்தில் பாருங்க. குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால், பத்து லட்ச ரூபாய் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு பிரீமியம் 275 ரூபாய் அளவில்தான்.

கடைசியா ஒண்ணு. ஆதாரோடு இணைத்த சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைங்க. ஓ.டி.பி. அதுக்குத்தான் வரும்.