கோட்டு சூட்டுப் போட்ட கானா



2018 ஜனவரி 6. கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி வளாகம். மார்கழிக் கச்சேரிகள் இன்னும் ஓயாத நாட்கள். அந்த மேடையில் பத்தொன்பது பேர் வந்து நின்றார்கள். சிலர் கையில் கிதார், சிலர் கையில் பறை, சிலர் முன்னால் சட்டி, கட்ட மோளம் என்ற தாளக் கருவிகள். எல்லோர் உடம்பிலும் ஒரே மாதிரி கோட்டு சூட்டு. அதுதான் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் நிகழ்ச்சி. கானா, ராக், ராப் மூன்றும் ஒரே பாட்டுக்குள் வந்து உட்கார்ந்ததைச் சென்னை அன்றைக்கு ஆயிரக்கணக்கில் திரண்டு பார்த்தது.

இசைக்குழு என்றால் உடையும் அதில் ஒரு பாகம். 1981இல் லாஸ் ஏஞ்சலீஸில் தொடங்கிய ‘மோட்லி க்ரூ’ குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். உயரத் தூக்கிய தலைமுடி, முகப்பூச்சு, தோல் உடை. கிளாம் மெட்டல் என்று உலகம் பெயர் வைத்த அந்த வகை, பாதி காதாலும் பாதி கண்ணாலும் ரசிக்கப்பட்டது. அந்தக் குழு மேடையில் போட்ட உடையெல்லாம் வீட்டையும் தெருவையும் விட்டு விலகி நிற்பதற்கானவை. கீழ்ப்பாக்கத்தில் போட்ட கோட்டு அப்படி அல்ல. அண்ணல் அம்பேத்கரைச் சிலையிலும் சுவரோவியத்திலும் அந்த உடையில்தான் சேரிப் பிள்ளைகள் பார்த்து வளர்கிறார்கள். கானாக்காரனும் பறைக்காரனும் அதே உடையில் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றது அலங்காரம் இல்லை, உரிமை.

அந்தக் குழு எப்படி உருவானது? இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், ‘மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ்’ நிறுவனத்து இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து ஆள் தேடினார்கள். கானா பாடுகிறவர்கள், சாவு வீட்டில் மேளம் அடிக்கிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், ராக் வாசிக்கிறவர்கள் என்று பாடவைத்து, வாசிக்கவைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சாதியில்லாத் தமிழர் என்ற எண்ணத்திலிருந்து வந்தது. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர் அவர்.

அந்த மேடைக்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பு, 2017 ஜனவரியில், இன்னொரு காரியம் நடந்தது. கர்நாடக இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணா எண்ணூருக்கு வந்து, கழிமுகத்தையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் பின்னால் வைத்துக்கொண்டு ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ பாடினார். எழுதியவர் கபேர் வாசுகி. சபாவிலிருந்து ஒரு குரல் வடசென்னையைத் தேடி வந்தது நல்ல காரியம், நன்றியோடு சொல்கிறேன். அடுத்த ஜனவரியில் வடசென்னைக் குரல் தன் காலாலேயே நடந்து மேடையேறியது. அது அதைவிடப் பெரிய காரியம்.

கானா எங்கே பிறந்தது என்று இந்த இராயபுரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பிணம் வீட்டில் கிடக்கும் ராத்திரி, பந்தலுக்குக் கீழே, விடிய விடிய பாடுவது கானா. செத்தவர் எந்த யார்டில் மூட்டை தூக்கினார், எந்தப் படகில் போனார், யாரைக் கட்டிக்கொண்டார், யாருக்குக் கடன் கொடுத்தார், எல்லாம் அந்த இடத்திலேயே பாட்டாகும். இதற்கு முன்னோடியாகக் குணங்குடி மஸ்தான் சாகிபைச் சொல்வோர் உண்டு. அந்தச் சூஃபிப் புலவர் அடங்கியிருப்பதும் இந்த இராயபுரத்து மண்ணில்தான். 90களில் தேவா இசையில் கானா சினிமாவுக்குள் போனது. 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதனின் மீன் பாட்டை நாடே பாடியது. ஆனாலும் சினிமா பெரும்பாலும் எடுத்துக்கொண்டது கானாவின் துள்ளலைத்தான். துக்கத்தையும் கோபத்தையும் வாசலிலேயே விட்டுவிட்டது. விட்டதை எடுத்து வந்தவர்கள் ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினர். இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றி ஒரு பாட்டு, ஜெய்பீம் என்று ஒரு பாட்டு. கைதட்டு வாங்குவதற்காக இதில் எதையும் அவர்கள் மென்று விழுங்கவில்லை.

மேடைக்குப் பின்னால் நடக்கிற வேலையையும் கொஞ்சம் பாருங்கள். பறைக்குத் தோல். பனி இறங்கினால் தோல் தொய்யும், சத்தம் மட்டுப்படும். அதனால் வாசிப்பதற்கு முன் காகிதமோ வைக்கோலோ கொளுத்தி, தோலை நெருப்பில் காட்டி, விரலால் தட்டித் தட்டிப் பதம் பார்க்க வேண்டும். பக்கத்தில் கிதார்க்காரர் ஒருமுறை சுருதி வைத்துவிட்டால் மணிக்கணக்கில் நிற்கும். பறை அரை மணியில் இறங்கிவிடும். இந்த இரண்டையும் ஒரே பாட்டில் நிறுத்த வேண்டும் என்றால், கம்பி வாத்தியம் தோல் வாத்தியத்துக்குக் காத்திருக்கப் பழக வேண்டும். நம் நாட்டு மேடைகளில் பறை காத்திருந்தே பழக்கம். அதனால்தான் இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி இசைவாணி. இந்த இராயபுரத்துப் பெண். இசைக்கலைஞரான அப்பாவோடு சிறு வயதிலேயே மேடையேறியவர். ஆண்களே பாடிவந்த கானாவில் ஒரு பெண் குரல் என்று முதலில் வேடிக்கை பார்த்தவர்களே பிறகு தேடி வந்தார்கள். தொடக்கத்தில் குழுவில் இருந்த ஒரே பெண் அவர்தான். 2020இல் பிபிசி வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அடுத்த ஆண்டு பிக்பாஸ் வீட்டுக்குள் போனதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சபரிமலைக் கோயிலுக்கு எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன காலத்தில் குழு உருவாக்கிய ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’ பாட்டை அவர் பாடினார். பல ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அந்தப் பாட்டுக்காகப் புகார்களும் வசவுகளும் பெரும்பாலும் அவர் தலைமேல்தான் வந்து விழுந்தன. பாட்டு குழுவினுடையது, அடி பாடிய பெண்ணுக்கு. பாட்டு பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஒரு பெண்ணை மிரட்ட யாருக்கும் உரிமை இல்லை. இதை இராயபுரம் உரக்கச் சொல்ல வேண்டும்.

அறிவு அரக்கோணத்துப் பிள்ளை. குழுவில் ராப் பாடியவர், 2019இல் இசைத் தயாரிப்பாளர் ‘ஆஃப்ரோ’வோடு சேர்ந்து ‘தெருக்குரல்’ ஆல்பம் தந்தார். 2021 மார்ச்சில் பாடகி தீயுடன் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ உலகம் சுற்றியது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தேய்ந்த தன் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து அவர் எடுத்த பாட்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழ் அட்டையில் தீ இருந்தார், பாட்டை எழுதிய அறிவு இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார், பலரும் கேட்டார்கள். பிறகே அறிவின் படத்தோடு ஓர் அட்டை வந்தது. புகழ் வந்த பிறகும் பெயருக்காகச் சண்டை போட வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

இப்படி அவரவர் பாதை விரிந்தது. டென்மா 2022இல் ‘நட்சத்திரம் நகர்கிறது’ படத்துக்கு இசையமைத்தார். அறிவு ‘அம்பாசா’ என்று தனிக்குழு கண்டார். நீலம் 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கி, முதல் நிகழ்ச்சியில் பத்தொன்பது பேருக்குக் கிடைத்த மேடையை மற்ற நாட்டுப்புறக் கலைஞர்களுக்கும் திறந்துவிட்டது. குழுக்காரர்கள் தனித்தனியாகப் போனதைக் குறையாகப் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ‘மோட்லி க்ரூ’வில் நான்கே பேர், அவர்களாலேயே ஒன்றாக இருக்க முடியவில்லை; பாடகர் வின்ஸ் நீல் 1992இல் விலகி, 1997இல்தான் திரும்பி வந்தார்.

இப்போது நம் பங்குக்கு வருவோம். வடசென்னை இசைக்கு அந்த முதல் மேடை கிடைத்தது கீழ்ப்பாக்கத்தில். இராயபுரத்துப் பெண் பாடியதைக் கேட்க இராயபுரத்துக்காரர் ஊர் தாண்டிப் போக வேண்டியிருந்தது. 1856இலேயே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த இராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. சரக்கும் ஆளும் இங்கிருந்து போய்க்கொண்டே இருக்கின்றன. பாட்டுக்காவது ஓர் இடம் இங்கேயே வேண்டும். இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று பகுதிக்கு ஒரு மாநகராட்சிச் சமூகக் கூடத்தை வாரத்தில் இரண்டு சாயங்காலம் பயிற்சிக்குத் திறந்துவிடச் சொல்லி மனு கொடுப்போம். சட்டியும் பறையும் வைக்க ஒரு பூட்டு போட்ட அறை, நாலு மைக், ஒரு ஒலிப்பதிவுக் கருவி, அவ்வளவுதான் கேட்கிறோம். சாவு வீட்டில் விடிய விடிய பாடிய பெரியவர்கள் பலர் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் தலையில் இருக்கும் பாட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லை. முதல் ஒலிப்பதிவு அவர்களுடையதாக இருக்கட்டும். மனு வாசலருகே மேசைமேல் இருக்கிறது, போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.