முதுகிலே பிள்ளை, நெஞ்சிலே பாரம்



ஏலம் மணக்கும் போடிநாயக்கனூரிலே நிற்கிறோம். மலையிலே விளைந்த காய் இங்கே விலைக்கு வருகிறது. நிறம் பார்க்கின்றனர், பருமன் பார்க்கின்றனர், எடை பார்க்கின்றனர். காய்க்கு எடைக்கல் உண்டு. அந்த மலையிலே பிள்ளை பெறும் தாயின் மனச்சுமையை நிறுக்க எடைக்கல் உண்டா?

குரங்கணிப் பக்கத்து முதுவாக்குடியிலே முதுவர் வாழ்கின்றனர். மதுரையை விட்டு மலையேறியபோது மீனாட்சியின் திருவுருவை முதுகிலே சுமந்தமையால் முதுவர் ஆனோம் என்பது அவர்தம் மரபுக்கதை. பிள்ளையைத் துணியால் முதுகோடு கட்டிச் சுமப்பது அவர்தம் பெண்டிர் வழக்கம். கருவுற்ற நாள்தொட்டு முதல் ஆயிரம் நாட்களிலே மூளை விரைந்து வளர்கிறது, அணைப்பின் கதகதப்பு அக்குழந்தையின் மனத்துக்கு உரமாகிறது என்கிறது இன்றைய மருத்துவம். ஏட்டிலே நேற்று ஏறிய உண்மையை மலைமகள் என்றோ முதுகிலே ஏற்றிவிட்டாள்!

பின் குறை எங்கே? தாயிடம் அன்று, தாயைச் சூழ்ந்த வாழ்விலே! பட்டா இல்லையே என்ற பயம், கூலி குறையுமோ என்ற கலக்கம், பேறுகால வலி எடுத்தால் மலையிறங்க வேண்டுமே என்ற திகில்! தாய் நெஞ்சு நடுங்கினால் மடியிலே கிடக்கும் மகவும் நடுங்கும். அந்த நடுக்கம் இளமையிலே ஏக்கமாகும், முதுமையிலே மௌனமாகும்.

2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2017-ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2022-ல் 14416 என்ற தொலைபேசி உதவி வந்தது. வரவேற்கிறோம்! ஆனால் சட்டம் தானே மலையேறாது. ஆள் ஏற வேண்டும்.

யார் ஏறுவது? நீலகிரியின் கூடலூரைப் பாருங்கள். 1990-ல் அங்கே உருவான ஆதிவாசி மருத்துவமனையிலே பழங்குடிப் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியராயினர், குடியிருப்புகளிலே நலப்பணியாளராயினர். வெளியூர் மருத்துவரின் அறிவும் உள்ளூர் மக்களின் உரிமையும் கைகோத்தன. கூட்டு என்பது அதுதான்! குதிரைக்கும் அதன்மேல் ஏறியவனுக்கும் உள்ள உறவுக்குக் கூட்டு என்று பெயரில்லை.

எனவே கேட்கிறோம்: குடியிருப்பிலேயே அங்கன்வாடி, அதிலே அவ்வூர்ப் பெண்ணே ஊழியர், தாயின் உடலோடு உள்ளத்தையும் வினவும் மருத்துவர், திட்டம் தீட்டும் அவையிலே முதுவருக்கும் பளியருக்கும் இருக்கை!

தோழனே, போடியை அடுத்த சிறைக்காட்டிலே பளியர் வாழ்கின்றனர். அங்கே செல். அறிவுரை கூறுவதற்கு அன்று, அமர்ந்து கேட்பதற்கு! அங்கன்வாடி உண்டா, பட்டா வந்ததா, பிள்ளை பெற்றவளிடம் நலம் கேட்க யார் வருகிறார் எனக் கேட்டு எழுதிவா. அந்த ஏட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்சியர் அலுவலகம் செல்வோம். அவர்களை முன்னே நடக்கவிட்டு, நாம் பின்னே நடப்போம்!