இரண்டு கயிறும் சேர்ந்தால்தான்

கோவளத்தில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு கயிறு. இரண்டு பக்கமும் ஆட்கள். ஒரு பக்கம் தளர்ந்தால் மீன் தப்பிவிடும்.

பேச்சு தாமதமான பிள்ளையைக் கரைசேர்ப்பதும் அப்படித்தான். ஒருவர் இழுத்தால் போதாது.

பக்கத்து முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. பேச்சுப் பயிற்சி, உடல் இயக்கப் பயிற்சி அங்கே உண்டு. பள்ளிக்கு, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர். அடையாள அட்டைக்கு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

இவர்களை இணைப்பது எது? ஒரு நோட்டு! பயிற்சியாளர் சொன்னதை அதில் எழுதுங்கள். ‘தண்ணீர் என்று சொல்ல முயன்ற பிறகு டம்ளரைக் கொடுக்கவும்.’ வகுப்பாசிரியரும் படிக்கட்டும், அங்கன்வாடி அம்மாவும் படிக்கட்டும், பாட்டிக்கும் படித்துக் காட்டுங்கள். எல்லாரும் ஒரே மாதிரி பழக்கினால், பிள்ளை குழம்பாது.

பலர் கை, ஒரே நோட்டு. சேர்ந்து இழுப்போம். வலை கரைசேரும்.